ஆள் போன பின் கணக்கு என்ன ஆகும்?

மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பட்டயப் படிப்பு



பிறந்தவர் எல்லோரும் ஒருநாள் போய்த்தான் ஆகவேண்டும். போனவர் பெயரில் நிலம் இருந்தால் பட்டா மாற்ற வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் நீக்க வேண்டும். பேங்கில் பணம் இருந்தால் நாமினி போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இதெல்லாம் நம் பெரியவர்களுக்குத் தெரிந்த காரியம். எந்த ஆபீசுக்குப் போகணும், என்ன பேப்பர் கொண்டு போகணும் என்று ஊரில் யாராவது ஒருத்தர் சொல்லிவிடுவார். ஆனால் இன்றைக்குப் போகிறவர் இன்னொன்றையும் விட்டுவிட்டுப் போகிறார். அதுதான் அவருடைய இணையக் கணக்கு.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் அப்பாவின் ஜிமெயில், அம்மாவின் வாட்ஸ்அப், சித்தப்பாவின் ஃபேஸ்புக் எல்லாம் என் கையால் திறந்ததுதான். பாஸ்வேர்டு எல்லாம் என் நோட்டில்தான் இருக்கிறது. திறந்து கொடுக்க நான் இருக்கிறேன். மூடுவது எப்படி, யார் மூட வேண்டும், மூடத்தான் வேண்டுமா என்று தேடிப் படித்தபோது தெரிந்துகொண்டவற்றை இக்கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்களில் பலரும் என்னைப் போலவே வீட்டுக்குக் கணக்கு திறந்து கொடுத்தவர்களாகத்தான் இருப்பீர்கள்.

கணக்கு என்பது நான்கு பொருள்

ஒரு கணக்கை ஒரு வீடாக நினைத்துக்கொண்டால் விஷயம் எளிதாகப் புரியும்.

முதலாவது, வாசலில் உள்ள பெயர்ப்பலகை. அதாவது பெயரும் போட்டோவும்.

இரண்டாவது, சாவி. அதாவது பாஸ்வேர்டும் ஓடிபி வரும் சிம் கார்டும்.

மூன்றாவது, வீட்டுக்குள் இருக்கும் பொருள். அவர் எழுதியது, எடுத்த படம், அவருக்கு மற்றவர்கள் எழுதிய கடிதங்கள் எல்லாம் இதில் அடங்கும். இந்தக் கடிதங்களில்தான் பெரிய சிக்கல் வரும். அவற்றை எழுதியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

நான்காவது, பொறுப்பு. ஒரு குழுவுக்கு அட்மினாக இருந்திருப்பார். ஒரு மென்பொருளைக் காத்து வந்திருப்பார். ஆள் போனதும் அந்த நாற்காலி காலியாகிவிடும்.

உறுப்பினர் ஒருவர் இறந்தால் இந்த நான்கையும் என்ன செய்வது என்று பல இணையச் சமூகங்களும் ஒரு வழக்கம் வைத்திருக்கின்றன. இதில் மூன்று தரப்பு இருக்கிறது: இறந்தவர், அவர் குடும்பம், அவரோடு பழகியவர்கள். மூவர் விருப்பமும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நான் படித்துப் பார்த்த வழக்குகளிலும் சண்டைகளிலும் பெரும்பாலும் முதல் தரப்பு ஒன்றும் சொல்லாமல் போயிருக்கிறது.

அழிப்பதா, வைத்திருப்பதா?

எங்கள் பெரியப்பா லாரி ஓட்டியவர். வழியில் பார்த்த கோயில், மலை, டீக்கடை எல்லாவற்றையும் ஒரு சமூக வலைத்தளத்தில் படம் பிடித்துப் போடுவார். அவர் இறந்து ஐந்து மாதம் கழித்து, அவருடைய பிறந்தநாளை எல்லோருக்கும் அந்தத் தளம் நினைவூட்டியது. விஷயம் தெரியாத டிரைவர் நண்பர்கள் "நூறாண்டு வாழ்க அண்ணே" என்று கேக் படத்தோடு எழுதிவிட்டார்கள். பெரியம்மா போனை என்னிடம் நீட்டி, "கண்ணு, நீ படிச்ச புள்ளதானே, இத மொத்தமா எடுத்துவிட்டுரு" என்றார். நான் போனை வாங்கி செட்டிங்ஸ் திறப்பதற்குள், "வேணாம் கண்ணு, எடுக்காத. அவரு சிரிச்ச மொகம் இதுல மட்டும்தான் இருக்கு" என்றார். போனை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பெரியம்மா சொன்ன இரண்டுமே நியாயம்தான். அழித்துவிட்டால் முகமும் போய்விடும். அப்படியே விட்டால் உயிரோடு இருப்பவர் போல வாழ்த்து வந்துகொண்டே இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா?

உண்டு. ஃபேஸ்புக் 2009ஆம் ஆண்டிலேயே நினைவுக் கணக்கு என்ற ஏற்பாட்டைப் பற்றி அறிவித்தது. குடும்பத்தாரோ நண்பர்களோ இறப்புக்கு ஆதாரம் கொடுத்துக் கேட்டால் அந்தக் கணக்கு நினைவுக் கணக்காக மாறும். பெயருடன் நினைவுகூரும் சொல் ஒன்று சேரும். பிறந்தநாள் நினைவூட்டல் நின்றுவிடும். பழைய படங்கள் அப்படியே இருக்கும். ஆனால் பாஸ்வேர்டு தெரிந்திருந்தாலும் அதற்குப் பிறகு யாரும் உள்ளே நுழைய முடியாது. அதாவது பெயர்ப்பலகை இருக்கும், பொருள் இருக்கும், சாவி மட்டும் செல்லாது.

2015இல் இன்னொரு வசதி வந்தது. நமக்குப் பின் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நாமே உயிரோடு இருக்கும்போது நியமிக்கலாம். இவரை லெகசி கான்டாக்ட் என்கிறார்கள். நினைவுக் கணக்கில் இவர் ஒரு அறிவிப்பை மேலே எழுதி வைக்கலாம், முகப்புப் படத்தை மாற்றலாம், கணக்கை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் இறந்தவருக்கு வந்த தனிப்பட்ட செய்திகளை இவரால் படிக்க முடியாது. "நான் போனதும் கணக்கை அழித்துவிடு" என்று முன்கூட்டியே சொல்லி வைக்கவும் வழி உண்டு. இந்த நியமனத்தைச் செய்ய 18 வயது ஆகியிருக்க வேண்டும். நம் வகுப்பில் பலருக்கும் அந்த வயது வந்துவிட்டது.

கடிதங்கள் யாருக்குச் சொந்தம்?

தனிப்பட்ட செய்திகளை யாரும் படிக்கக் கூடாது என்ற விதி கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜெர்மனியில் நடந்த ஒரு வழக்கைப் படித்த பிறகு அது அவ்வளவு சுலபமில்லை என்று புரிந்தது.

2012ஆம் ஆண்டு பெர்லின் நகரில் 15 வயதுப் பெண் ஒருவர் சுரங்க ரயில் மோதி இறந்துபோனார். அது விபத்தா, அவராகவே எடுத்த முடிவா என்று பெற்றோருக்குத் தெரியவில்லை. மகள் கடைசி நாட்களில் யாரிடம் என்ன பேசினாள் என்று தெரிந்தால் மனம் ஆறும் என்று நினைத்தார்கள். தாயிடம் மகளின் பாஸ்வேர்டு இருந்தது. ஆனால் அதற்குள் ஃபேஸ்புக் கணக்கு நினைவுக் கணக்காக மாறி, கதவு பூட்டப்பட்டிருந்தது.

பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2015இல் பெர்லின் நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்புக் கூறியது. 2017இல் மேல்முறையீட்டில் ஃபேஸ்புக் ஜெயித்தது. அந்தப் பெண்ணோடு பேசிய மற்ற பிள்ளைகளின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பது ஃபேஸ்புக்கின் வாதம். 2018 ஜூலை 12 அன்று ஜெர்மனியின் உச்ச நிலை உரிமையியல் நீதிமன்றம் பெற்றோருக்கே உரிமை உண்டு என்று முடிவாகச் சொன்னது. டைரியும் கடிதமும் வாரிசுக்குப் போகின்றன; கணக்கை மட்டும் வேறாக நடத்தக் காரணமில்லை என்பது அதன் சாரம்.

கதை அதோடு முடியவில்லை. ஃபேஸ்புக் 14,000 பக்கத்துக்கு மேல் உள்ள ஒரு பி.டி.எஃப். கோப்பை ஒரு சிறிய பென்டிரைவில் போட்டுக் கொடுத்தது. அதில் தேடி எடுப்பது எப்படி? பெற்றோர் மீண்டும் கோர்ட்டுக்குப் போனார்கள். 2020இல் அதே நீதிமன்றம், மகள் பார்த்தது போலவே கணக்கின் உள்ளே சென்று பார்க்கும் வசதியைக் கொடுக்க வேண்டும், ஆனால் அவள் பெயரில் எதையும் எழுதக் கூடாது என்றது. மகள் இறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது.

நான் அந்தப் பெற்றோர் பக்கம்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தன் மனதிலிருந்ததை எழுதிய தோழி ஒருத்தி இருந்திருந்தால், அவள் பக்கமும் நியாயம் இருக்கிறதே என்று தோன்றுகிறது. நாம் எல்லோரும் யாருக்காவது அப்படி எழுதியிருக்கிறோம்.

பேசாமல் இருப்பவர் எல்லாம் இறந்தவரா?

சில நிறுவனங்கள் இறப்பை விசாரிப்பதில்லை. குறிப்பிட்ட நாள் வரை யாரும் உள்ளே வரவில்லை என்றால் கணக்கை எடுத்துவிடுகின்றன. கம்ப்யூட்டருக்கு இது எளிய நிரல். இத்தனை நாளுக்கு மேல் என்றால் நீக்கு, அவ்வளவுதான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் 120 நாள் பயன்படுத்தாத கணக்கு பொதுவாக நீக்கப்படும். 2019 ஆகஸ்ட் மாதம் காஷ்மீரில் இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டது. டிசம்பர் மாதத் தொடக்கத்தில் காஷ்மீர் மக்கள் ஒவ்வொருவராகக் குழுக்களை விட்டு வெளியேறுவதாக வெளியூரில் இருந்த உறவினர்களின் போனில் செய்தி வந்தது. அவர்கள் யாரும் வெளியேறவில்லை. உயிரோடுதான் இருந்தார்கள். இணைப்பு இல்லாததால் 120 நாள் கணக்கு அவர்கள் மேலும் ஓடிவிட்டது.

அதற்குச் சில நாட்கள் முன்பு, 2019 நவம்பரில், அன்றைய ட்விட்டர் நிறுவனம் ஆறு மாதமாக உள்ளே வராத கணக்குகளை நீக்கப்போவதாக அறிவித்தது. இறந்துபோனவர்களின் பதிவுகளை அவ்வப்போது எடுத்துப் படித்துக்கொண்டிருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். இறந்தவர் கணக்கைக் காக்க ஒரு வழி செய்யும்வரை நீக்கமாட்டோம் என்று நிறுவனம் உடனே பின்வாங்கியது.

கூகுளும் 2023 டிசம்பரிலிருந்து, இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. ஆனால் அதற்குப் பத்து வருடம் முன்பே, 2013இல், நம்மையே கேட்கும் ஒரு ஏற்பாட்டையும் அது செய்திருந்தது. எத்தனை மாதம் நான் வராவிட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், எதையெல்லாம் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று நாமே குறித்து வைக்கலாம். பத்து பேர் வரை பெயர் கொடுக்கலாம். நாள் கணக்கைத்தான் இதுவும் பார்க்கிறது. ஆனால் அந்த நாளை நாம் வைக்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

நாற்காலி காலியானால்

இனி நம் துறைக்கு வருவோம். ஆங்கில விக்கிப்பீடியாவில் இறந்த பங்களிப்பாளர்களுக்கென்றே ஒரு நினைவுப் பக்கம் உண்டு. ஓரளவு தொடர்ந்து உழைத்தவர்களின் பெயரை அதில் சேர்க்கிறார்கள். இறந்தவரின் பயனர் பக்கத்தை யாரும் கிறுக்கிவிடாதபடி பூட்டுகிறார்கள். அவர் நிர்வாகியாக இருந்தால் அந்த அதிகாரத்தை எடுத்துவிடுகிறார்கள். காரணம் எளிது. சொந்தக்காரர் இல்லாத கணக்கு திருடு போனால், அதிகாரமும் சேர்ந்து திருடு போகும். அவர் எழுதிய கட்டுரைகள் மட்டும் அப்படியே இருக்கும். அடுத்தவர் அவற்றைத் திருத்தி வளர்ப்பார்.

மென்பொருள் எழுதுகிறவர்கள் கூடும் கிட்ஹப் தளத்தில், நமக்குப் பின் நம் பொதுவான நிரல்களை ஏற்று நடத்த ஒருவரை வாரிசாகக் குறிக்கலாம். அவர் இறப்புச் சான்றிதழ் கொடுத்து ஏழு நாள் பொறுக்க வேண்டும். இரங்கல் செய்தி மட்டும் கொடுத்தால் 21 நாள் பொறுக்க வேண்டும். நம் கணக்குக்குள் அவர் நுழைய முடியாது, நிரல்களை மட்டும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். வீட்டைக் கொடுக்காமல் வேலையை மட்டும் கைமாற்றுகிற ஏற்பாடு இது.

ரூபி மொழியில் ரேக் என்ற கருவியை எழுதிய ஜிம் வெய்ரிச் 2014 பிப்ரவரியில் காலமானார். அவர் கடைசியாக கிட்ஹப்பில் சேர்த்த நிரல் மாற்றத்தின் அடியில், உலகம் முழுக்க உள்ள நிரலாளர்கள் வந்து அஞ்சலி எழுதினார்கள். பிழை சுட்டிக்காட்டுவதற்காக வைத்த இடம் அஞ்சலிப் பலகை ஆனது. ரேக் இன்றும் வேறு கைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பழகியவர்கள் பக்கம்

நார்வே நாட்டைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞருக்குத் தசைகள் நாளுக்கு நாள் பலமிழக்கும் பரம்பரை நோய். சக்கர நாற்காலியில் இருந்தபடி வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டில் இபெலின் என்ற பெயரில் ஆயிரக்கணக்கான மணி நேரம் கழித்தார். மகன் தனிமையிலேயே காலத்தைக் கழித்துவிட்டான் என்று பெற்றோர் வருந்திக்கொண்டிருந்தார்கள். 2014 நவம்பரில் தன் 25ஆவது வயதில் அவர் இறந்தார்.

அவர் எழுதி வந்த வலைப்பதிவின் பாஸ்வேர்டு பெற்றோரிடம் இருந்தது. அதில் இறப்புச் செய்தியைப் போட்டார்கள். நாலைந்து பேர் பார்ப்பார்கள் என்று நினைத்திருக்கலாம். ஆனால் முகம் தெரியாத பலரிடமிருந்து கடிதம் கடிதமாக வந்து குவிந்தது. உங்கள் மகன் எனக்கு ஆறுதல் சொன்னான், என் பிள்ளையோடு நான் பேச வழி காட்டினான் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். அந்த விளையாட்டுக் குழுவினர் சிலர் வேறு நாடுகளிலிருந்து சவ அடக்கத்துக்கே வந்தார்கள். அதன் பின்னும் குழுவினர் விளையாட்டுக்குள்ளேயே கூடி அவருக்கு நினைவுநாள் அனுசரித்தார்கள். இவரைப் பற்றி 2024இல் ஆவணப்படமும் வந்தது.

இதில் நான் கவனித்தது ஒன்று. அந்த ஒரு பாஸ்வேர்டு வீட்டில் இல்லாமல் போயிருந்தால், அவனுக்கு இத்தனை உறவு இருந்தது பெற்றோருக்குத் தெரிந்திருக்காது; அவன் ஏன் வரவில்லை என்று அந்த நண்பர்களுக்கும் தெரிந்திருக்காது. சாவி என்றால் ரகசியத்தைத் திறப்பது என்று மட்டும்தான் நினைக்கிறோம். துக்கச் செய்தி சொல்லி அனுப்பவும் அது தேவைப்படுகிறது. நம் ஊரில் ஒருவர் இறந்தால் முதல் வேலை சொந்தபந்தத்துக்கு ஆள் அனுப்புவதுதானே! இணையத்தில் இருக்கும் சொந்தத்துக்கு யார் ஆள் அனுப்புவது?

நம் நாட்டில் என்ன நிலை?

2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, நாம் இறந்தாலோ செயலிழந்தாலோ நம் தரவு உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கலாம் என்கிறது. பேங்க் நாமினி போல என்று வைத்துக்கொள்ளலாம். இச்சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது.

உயில் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலுக்குப் பொருந்தாது. ஆகவே போனில் டைப் செய்து வைத்தால் அது உயில் ஆகாது. காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்னொன்று சிம் கார்டு. 90 நாள் உபயோகம் இல்லாமல் கிடக்கும் எண் துண்டிக்கப்படலாம். துண்டித்த பின் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போய்விடலாம். இறந்தவர் எண்ணுக்கு வரவேண்டிய ஓடிபி முன்பின் தெரியாதவர் போனுக்குப் போகும். அதனால் அவசரப்பட்டு ரீசார்ஜை நிறுத்திவிடாமல், பேங்க், கேஸ், மின் கட்டணம் எல்லாவற்றிலும் எண்ணை மாற்றிய பிறகு நிறுத்துவது நல்லது.

நாம் செய்ய வேண்டியவை

1. வீட்டில் யார் யாருக்கு என்னென்ன கணக்கு இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டைப் பத்திரம் வைக்கும் பெட்டியில் வையுங்கள்.

2. கூகுளில் செயலற்ற கணக்கு ஏற்பாடு, ஃபேஸ்புக்கில் லெகசி கான்டாக்ட் இரண்டையும் அவரவர் முன்னால் உட்கார்ந்து, அவரவரைக் கேட்டு நிரப்புங்கள். ஆப்பிள் போன் வைத்திருப்பவர்களுக்கு 2021 டிசம்பரிலிருந்து இதே போன்ற வசதி உண்டு. நியமிக்கப்பட்டவரிடம் ஒரு சாவி எண்ணும் இறப்புச் சான்றிதழும் இருந்தால் போதும்.

3. வீட்டில் இறப்பு நேர்ந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்து சான்றிதழ் வாங்குங்கள். பல நிறுவனங்களும் முதலில் கேட்பது அதைத்தான்.

4. இறந்தவர் கணக்கிலிருந்து அவர் பேசுவது போல எதையும் எழுதாதீர்கள். செய்தி சொல்ல வேண்டுமானால் "நான் அவருடைய மகள்", "நான் அவருடைய தம்பி" என்று உங்கள் பெயரைச் சொல்லி எழுதுங்கள்.

5. நீங்கள் குழு அட்மின் என்றால் இன்னொருவரையும் அட்மின் ஆக்குங்கள்.

இதில் இரண்டாவது வேலைதான் கஷ்டம். "அப்பா, நீங்க போனப்புறம் இத என்ன பண்ணட்டும்" என்று எப்படிக் கேட்பது? அபசகுனம் என்று அம்மா திட்டினார். அப்பா மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "போட்டோவ வெச்சிரு, மத்தத அழிச்சிரு. உங்கம்மாவுக்கு அனுப்புனத மட்டும் நீ படிக்காத" என்றார். அவர் சொன்னபடியே நோட்டில் எழுதிக்கொண்டேன். பெரியப்பாவிடம் இப்படி யாரும் கேட்கவில்லை. அதனால்தான் பெரியம்மா இரண்டுக்கும் நடுவே நின்று தவித்தார்.

நண்பர்களே, கணக்கு திறந்து கொடுக்கும்போது பெயர், பிறந்த தேதி, போன் நம்பர் என்று எத்தனையோ கேட்கிறோம். அதோடு இந்த ஒரு கேள்வியையும் கேட்டு எழுதிவிட்டால், நம் வீட்டார் யாரும் கோர்ட் வாசலில் வருடக்கணக்கில் நிற்க வேண்டியிருக்காது. இந்த லீவில் ஊருக்குப் போகும்போது வீட்டில் ஒருவரிடமாவது கேட்டுப் பாருங்கள்.